ஷிஷ்கா செத்தது திராட்சையால் அல்ல

பூசணிக்காயை வேகவைத்து, நீரை ஒட்டப் பிழிந்த பிறகுதான் ஓட்ஸ் மாவில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்கட் உள்ளே ஈரமாகவே நின்று சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். இதை இந்தக் குழுவில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். போன வாரமும் ஒருத்தி, "கிரஜினா அக்கா, பிஸ்கட்ல பச்சையா ஏதோ படிஞ்சிருக்கு, நாய்க்குக் குடுக்கலாமா?" என்று படம் போட்டுக் கேட்கிறாள். உங்களுக்குப் படிக்கத் தெரியும். படிக்கத்தான் மாட்டீர்கள்.

ஈஸ்டர் பிஸ்கட்டுக்குக் குறிப்பு கேட்டிருக்கிறீர்கள். தருகிறேன். அதற்கு முன் ஒரு தவறைத் திருத்த வேண்டியிருக்கிறது.

யோலாவின் நாய் ஷிஷ்கா உலர்திராட்சை தின்று செத்தது என்று கிறிஸ்துமஸிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். யோலாவைக் கொலைகாரி என்றும் சிலர் எழுதினீர்கள். திராட்சை நாய்க்கு ஆகாது, உண்மை. ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுத்துத்தான் கொல்லும், அதற்கு நாள் பிடிக்கும். ஷிஷ்காவோ, விருந்து முடிந்து யோலா வீட்டார் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி முடிப்பதற்குள் கால் தள்ளாடி விழுந்தது. இத்தனை பேரில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. குழுவை நடத்துகிறவள் நான். தவறான தகவலை இங்கே அப்படியே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

யோலா என் எதிர்வீட்டுக்காரி. நல்ல மனசு, புத்தி கொஞ்சம் மட்டு. நான் தனியாள் என்பதால் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை விருந்துக்கு வருடந்தோறும் கூப்பிடுவாள். எதிர்பாராமல் வரும் வழிப்போக்கனுக்கென்று மேசையில் ஒரு தட்டைக் காலியாக வைப்போம் அல்லவா, அந்தத் தட்டுதான் எனக்கு. அதைப் பெரிய அன்பு என்று அவள் நினைத்திருக்கிறாள்.

ஷிஷ்கா குட்டைக்கால் டாக்ஸ்ஹண்ட். அன்றைக்கு நாம் ஒடித்துப் பகிர்ந்து தின்னும் மெல்லிய அப்பத்தில், மிருகத்துக்கென்று சாயம் போட்டதை வீட்டு மிருகத்துக்கும் ஒடித்துக் கொடுப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். யோலா அதோடு நிற்க மாட்டாள். மேசையில் இருக்கும் பன்னிரண்டு பதார்த்தத்திலும் ஷிஷ்காவுக்கு ஒரு வாய் ஊட்டியாக வேண்டும். "இன்னிக்கு ராத்திரி மட்டும் மிருகமெல்லாம் பேசுமாம்லக்கா. எது நல்லாருந்துச்சுன்னு சொல்லுவா" என்று இளிப்பாள். ஊட்டுவதுதான் பாசம் என்று நினைக்கிற கூட்டம்.

ஷிஷ்கா செத்ததற்கு முந்தின வருடம் நான் நட்சத்திர வடிவில் பிஸ்கட் சுட்டு, சிவப்பு நாடா கட்டி எடுத்துப் போயிருந்தேன். ஓட்ஸ், பூசணி, கேரட், வேறொன்றுமில்லை. எல்லார் முன்னாலும் ஷிஷ்கா ஒன்றை வாயில் வாங்கி, தரையில் துப்பிவிட்டு, யோலாவின் கணவன் ரிஷார்டிடம் மீன் தோலுக்குப் போய் நின்றது.

"நாய்க்கே பத்தியச் சாப்பாடாக்கா? பாவம், பண்டிகை நாளும் அதுவுமா" என்றான் ரிஷார்ட். மேசை முழுக்கச் சிரித்தது. யோலாவும் சிரித்தாள். பிறகு பாவம் பார்த்து ஒரு பிஸ்கட்டை அவளே கடித்து, "எனக்குப் பிடிச்சிருக்குக்கா. துளி உப்பு மட்டும் போட்டீங்கன்னா…" என்று இழுத்தாள்.

எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இது வேறு விஷயம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் தயிர்க்கட்டிக் கேக் செய்து எடுத்துப் போனேன். ரிஷார்டுக்குச் சர்க்கரை நோய். அதனால் பிர்ச் மரத்துச் சர்க்கரைதான், அதாவது சைலிட்டால்தான் போட்டேன். அதை மறைக்கவும் இல்லை. "உனக்காகத்தான் பிர்ச் சர்க்கரை போட்டேன். பயப்படாம தின்னு" என்று மேசையிலேயே சொன்னேன். மனிதர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. நாய்க்கு என்ன செய்யும் என்று இந்தக் குழுவின் தலைப்பிலேயே சிவப்பு எழுத்தில் போட்டு வைத்திருப்பது நான்தான். யோலா குழுவில் சேர்ந்தது ஷிஷ்கா செத்த பிறகு.

வழக்கம்போல ஒவ்வொன்றாக ஊட்டினாள். கோதுமைப் பாயசம் வந்தபோது மட்டும் நாயின் பங்கிலிருந்து திராட்சையை விரலால் பொறுக்கிப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கினாள். "நீங்க போன வருஷம் சொன்னீங்கல்லக்கா, அதான்" என்றாள். கேட்டு நடந்திருக்கிறாள் பாருங்கள். இப்போது ஏதோ ஒன்று கை தவறிப் போயிருக்கும் என்று நினைத்து நினைத்து அழுகிறாள். தவறவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியில் என் கேக். கரண்டியை நீட்டியவள் நிறுத்தி, என்னைப் பார்த்தாள்.

"இது குடுக்கலாமாக்கா?"

"அக்கா செஞ்சதுடி. அதுல என்ன இருந்துடப் போவுது?" என்றான் ரிஷார்ட்.

நான் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டினேன் என்று யோலா சொன்னால், அதுவும் சரிதான்.

சாப்பிட்டுவிட்டு, பாட்டுக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியிருப்பேன், யோலா கதவைத் தட்டினாள். கைக்குழந்தையைப் போல ஷிஷ்காவைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்திருந்தாள். "நிக்க முடியலக்கா, சாஞ்சு சாஞ்சு விழுது. டாக்டரைக் கூப்பிடவா? இன்னிக்குப் போய் வருவாரா?"

பண்டிகையானாலும் வரக்கூடிய டாக்டர் அடுத்த தெருவில் இருக்கிறார். அவர் நம்பர் என் ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருக்கிறது.

"வயிறு முட்டத் தின்னுருக்கு. தூங்க விடு. காலைல எழுந்துரும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிக்கா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி வேறு சொன்னாள். காலையில் அது எழுந்திருக்கவில்லை.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். திராட்சை இல்லை, பிர்ச் சர்க்கரை. இனிமேலாவது சரியாக எழுதுங்கள். ஷிஷ்காவுக்குப் பிறகு இந்தக் குழு எவ்வளவு பெருகியிருக்கிறது என்றும் பாருங்கள். முன்பெல்லாம் நான் எழுதுவதை யார் படித்தார்கள்? இன்று மேசையிலிருந்து ஒரு துண்டு எடுக்குமுன் என்னைக் கேட்கிறீர்கள். எத்தனை நாய்கள் பிழைத்திருக்கும். ஒரு நாய் போய்த்தான் உங்களுக்குப் புத்தி வர வேண்டும் என்றால் அது என் குற்றமில்லை.

நான் இரக்கமில்லாதவளும் இல்லை. அன்று வாசலில் நின்றபோது, டப்பாவிலிருந்து நட்சத்திர பிஸ்கட் ஒன்றை எடுத்து வந்து ஷிஷ்காவின் மூக்கருகே நீட்டினேன். அது கண்ணைத் திறந்து பார்த்தது. முகர்ந்துகூடப் பார்க்காமல் யோலாவின் கைமடிப்புக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒரு கடி கடித்திருந்தால் டாக்டர் நம்பரைக் கொடுத்திருப்பேன்.