தினேஷ்வரன் முடிக்காத வாக்கியம்

பெயர் காளியம்மா த/பெ அப்புசாமி, வயது 64, மலேசியக் குடிமகள், கணவர் காலமாகிவிட்டார், முன்பு தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் சமையல் வேலை, தற்போது வேலை இல்லை, வசிப்பது மலாக்கா புக்கிட் காத்திலில் உள்ள அடுக்குமாடி வீட்டில். போலீஸ் நிலையத்தில் நான் தமிழில் சொல்லச் சொல்ல சார்ஜன் கிருபாலன் எழுதுகிறார். நான் உயிருடன் இருக்கிறேன். புகாரே அதைப் பற்றியது என்பதால் இதை முதலில் எழுதச் சொன்னேன்.

பள்ளிகளில் ஊக்கப் பேச்சு பேசும் தன்முனைப்புப் பேச்சாளர் தினேஷ்வரன், வயது 39, என் ஒரே மகன். தன் தாய் இறந்துவிட்டதாகப் பொய் சொல்லிப் பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏமாற்றினான் என்று பெற்றோர் சங்கத் தலைவர் பெரியதம்பி கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அது பற்றி எனக்குத் தெரிந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

நாங்கள் சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தோம். கணவர் இறந்த பிறகு புக்கிட் காத்திலுக்கு வந்து நான் கேண்டீன் வேலையில் சேர்ந்தேன். என் மகன் ஐந்தாம் படிவத் தேர்வில் மலாய்ப் பாடத்தில் கோட்டை விட்டான். அதன் பிறகு காய்கறி சுற்றி வந்த மலாய்ப் பத்திரிகைத் தாளை நான் வீட்டுக்குக் கொண்டு வருவேன், தினமும் அவன் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும், நான் வெங்காயம் உரித்துக்கொண்டே தலையாட்டிக் கேட்பேன். மறுமுறை எழுதித் தேறினான். அதன் பிறகு இன்சூரன்ஸ் விற்றான், தண்ணீர் வடிகட்டி விற்றான், எதிலும் நிலைக்கவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை. அதை வைத்தே பிழைத்துக்கொள்கிறேன் என்று பேச்சாளர் ஆனான்.

முதல் பேச்சு சுங்கை ரம்பாயில் ஒரு கோயில் மண்டபத்தில், தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக. கண்ணாடி முன்னால் ஒரு வாரம் பழகினான். கடைசியில் 'எங்கம்மா இப்பகூட கேண்டீன்ல மீ கோரேங் பிரட்டிக்கிட்டு இருக்காங்க' என்று சொல்லிச் சிரிக்க வைப்பதாக ஏற்பாடு. ஆனால் மேடையில் "எங்கம்மா இப்ப..." என்றவனுக்கு அடுத்த வார்த்தை மறந்துவிட்டது. வாயடைத்து நின்றான், பயத்தில் கண்ணும் கலங்கிவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் "ஐயோ, தாயில்லாப் புள்ளையா!" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு மண்டபமே அழுதது. அந்த வாரமே இரண்டு பள்ளிகள் அவனைக் கூப்பிட்டன.

அவன் வீட்டுக்கு வந்து முகம் தொங்கிப்போய் இதைச் சொன்னான். நான் அடுப்பில் இருந்ததையும் மறந்து சிரித்தேன். "நீ சொல்லாததுக்கெல்லாம் போயி பதில் சொல்லிக்கிட்டு இருப்பியா? வுடு லா" என்றேன். ஆகவே குற்றம் என்று ஒன்று இருந்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் நான் இறந்துவிட்டேன் என்று அவன் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. "எங்கம்மா இப்ப" என்பான், நிறுத்துவான், அவ்வளவுதான். மிச்சத்தை அவரவரே நிரப்பிக்கொண்டு அழுதார்கள். நிறுத்தியது குற்றம் என்றால் நிரப்பியவர்களையும் விசாரிக்க வேண்டும். இது பற்றிச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், சார்ஜன் அடுத்ததைச் சொல்லச் சொன்னார்.

அதன் பிறகு நான் வசதியாகத்தான் செத்திருந்தேன். ஒரு பள்ளியில் எனக்கு மௌன அஞ்சலி செலுத்தினார்கள். இன்னொரு பள்ளியில் என் நினைவாக ஒரு சேலை கொடுத்தார்கள், அரக்கு நிறம், நல்ல கரை, அதைத் தீபாவளிக்கு நான்தான் கட்டினேன். ஆனால் ஒருமுறை பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவன் பேசிய பள்ளி ஆசிரியர் ஒருவர் எதிரே வந்து, "இவங்க யாரு?" என்று கேட்டபோது என் மகன் பதறிப்போய் "சின்னம்மா" என்றான். அன்றிலிருந்து வீட்டுக் கதவைத் தாண்டினால் நான் சின்னம்மா. கல்யாண வீட்டிலும் சின்னம்மா, கிளினிக்கிலும் சின்னம்மா. பல வருடம் அப்படியே போனது. பிழைப்பு நடக்கிறதே என்று இருந்தேன். ஆனால் சுருக்கென்று இருந்தது. இதை அவனிடம் சொன்னதில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

சென்ற சனிக்கிழமை என்னைச் சின்னம்மா என்றே நம்பியிருந்த பக்கத்து வீட்டுப் பவானேஸ்வரி, புக்கிட் பெருவாங் மண்டபத்தில் என் மகன் பேச்சு இருப்பதாகவும், அவன் சொல்லும் அம்மா தெய்வம் மாதிரி என்றும் சொன்னாள். அந்தப் புண்ணியவதியைப் பற்றி நானும் கேட்க வேண்டும் என்று தோன்றியதால் மகனுக்குத் தெரியாமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவன் பேச்சை நான் கேட்டது அதுவே முதல் முறை. பத்திரிகைத் தாள் கதையைச் சொன்னான். "எங்கம்மாவுக்கு அதுல பாதி புரியாது. ஆனா புரிஞ்ச மாதிரியே தலையாட்டுவாங்க. அந்தத் தலையாட்டலுக்காகத்தான் நான் படிச்சேன்" என்றான். எனக்குப் புரியவில்லை என்பது அவனுக்குத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு நானும் எல்லாரோடும் சேர்ந்து எனக்காக அழுதேன்.

அப்போது பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். என்னோடு கேண்டீனில் பாத்திரம் கழுவிய உஷாராணி. "ஐயோ காளியக்கா, நீங்க உசுரோடவா இருக்கீங்க!" என்று கத்திவிட்டாள். மண்டபமே திரும்பியது. பெரியதம்பி எழுந்து, "யாரும்மா நீங்க? இவரு அம்மாவா?" என்று கேட்டார். என் மகன் மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தான். என் ஒரு வார்த்தையில் அவன் பிழைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "இல்லீங்க, நான் சின்னம்மா. அவங்க தங்கச்சி" என்றேன்.

அதன் பிறகு பெரியதம்பி உட்கார்ந்துவிட்டார். என் மகன் அதோடு விட்டிருந்தால் இந்தப் புகாரே இல்லை. அவன் "எங்கம்மா இப்ப" என்று ஆரம்பித்து வழக்கம்போல நிறுத்தினான். பிள்ளைகள் மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு, "எங்கம்மா இப்ப அதோ, பின்னால உக்காந்திருக்காங்க. பச்சைச் சேலை" என்றான்.

கொஞ்சப் பேர் கை தட்டினார்கள், நிறையப் பேர் கூச்சல் போட்டார்கள், பெரியதம்பி மைக்கைப் பிடுங்கினார். கூச்சலில் எனக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. அடுத்த மாதத்து நிகழ்ச்சிகளைப் பள்ளிகள் ரத்து செய்துவிட்டன. என் மகன் கவலையாக வெளியே உட்கார்ந்திருக்கிறான். எனக்குக் கவலை வரவில்லை. அந்த வாய் இருக்கும்வரை அவனுக்குப் பிழைப்பு இருக்கும். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இது வாக்குமூலத்துக்குத் தேவையில்லை என்று சார்ஜன் சொன்னார், எழுதத்தான் வேண்டும் என்றேன்.

எழுதியதைச் சார்ஜன் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை, இதில் உள்ளது அத்தனையும் மெய். கையெழுத்துக்குக் கீழே வெறும் பெயர் போதும் என்றார். எனக்குப் போதாது என்று சொல்லிவிட்டு நானே எழுதினேன்.

(ஒப்பம்)
காளியம்மா
தினேஷ்வரனோட அம்மா