இடுக்கியைப் பிடித்தவர் யார்?

இரவு பதினொன்றரை. கால்வாயை ஒட்டிய சாலை. ஒரு பக்கம் உறைந்த நீர். மறுபக்கம் தேவதாரு மரங்களின் இருட்டு. முன்னால் ஒரு வண்டி இல்லை. பின்னாலும் ஒரு வண்டி இல்லை. சுப்பீரியர் ஏரியிலிருந்து கிளம்பிய பனி, முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் எல்மா ருவோனா தனியாக வண்டியோட்டிச் சென்றாள்...

குடிசைக் கதவை நன்றாகச் சாத்துங்கள். அடுப்பில் இன்னொரு கட்டையை வையுங்கள். தூண்டில்கள் ஏரிப் பனிக்கட்டியில் போட்ட துளைகளில் கிடக்கட்டும். இந்தக் குளிரில் மீன் கடிக்கப்போவதில்லை.

எல்மா, என் பக்கத்து வீட்டு ஹில்யாவின் அக்காள் மகள். இதை ஹில்யாதான் எனக்குச் சொன்னாள். பட்டப்பகலில்தான் சொன்னாள். ஆயினும், சொல்லி முடிக்கும் வரை சன்னலுக்கு முதுகைக் காட்டி அவள் உட்காரவில்லை.

எல்மா போய்க்கொண்டிருந்தது, பல்கலைக்கழகத்தின் உலோகச் சோதனைக்கூடத்துக்கு. அங்கேதான் அவளுக்கு வேலை. எஃகு எந்தக் குளிரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். விரல் நீளத்தில் ஓர் எஃகுத் துண்டு. அதன் நடுவில் ஒரு சிறு வெட்டு. ஆல்கஹாலில் உலர்பனியைப் போட்டு, புகையும் அந்தத் தொட்டியில் துண்டை ஊற வைப்பார்கள். பிறகு இடுக்கியால் எடுத்து மேடையில் வைத்ததும், உயரே தூக்கி நிறுத்திய சம்மட்டி ஊஞ்சலைப் போல இறங்கி அடிக்கும். உறுதியான எஃகு வளைந்து கொடுத்து அடியை விழுங்கும். அளவு காட்டும் முள் மேலே ஏறும். நொறுங்கும் எஃகு கண்ணாடியாய்ச் சிதறும், முள் அசையாது.

தொட்டியிலிருந்து எடுத்த துண்டை ஐந்து விநாடிக்குள் அடித்தாக வேண்டும். அதனால் இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இடுக்கி பிடிப்பார். மற்றவர் நெம்புகோலை இழுப்பார். இன்னொரு விதியும் உண்டு. இடுக்கியும் அதே தொட்டியில் கிடந்து குளிர்ந்திருக்க வேண்டும். சூடான இடுக்கி பட்டால், உடைய வேண்டிய துண்டு வளைந்துவிடும்.

எல்மா நெம்புகோல். டேல் பென்ஹேல் இடுக்கி. எட்டு ஆண்டுகளாக அப்படித்தான். தொட்டி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. டேல் “வச்சாச்சு!” என்று குரல் கொடுப்பான், அவள் இழுப்பாள். ஒரு நாளும் அவள் திரும்பிப் பார்த்ததில்லை. அடுத்த கோடையில் அவர்களுக்குத் திருமணம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது?

“பேய்க்குப் பொறியியல் பட்டம் உண்டா?” என்று அடுப்போரம் உட்கார்ந்திருக்கும் எட்வின் கேட்கிறான். சிரித்துக்கொள், எட்வின். இன்னும் கொஞ்ச நேரந்தான்.

பேராசிரியர் விட்லாக் ஒரு மலிவான எஃகுக்குக் கணினியில் மாதிரி எழுதியிருந்தார். பூஜ்ஜியத்துக்குக் கீழே நாற்பது பாகை வரை அது நொறுங்காது என்றது அவருடைய வளைகோடு. சோதனைப் புள்ளிகள் அந்தக் கோட்டின்மேல் அமர வேண்டும். முதல் வாரம் அமரவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து, ஒன்று தவறாமல் அமர்ந்தன. அறிக்கையில் சோதனை செய்தவர் என்ற இடத்தில் எல்மாவின் பெயர் மட்டும் இருந்தது. “உனக்குத்தான் பேர் வேணும், எனக்கெதுக்கு?” என்று டேல் விட்டுக்கொடுத்தான். பெருந்தன்மை என்று அவள் நினைத்தாள்.

அந்த எஃகில் பிர்ச் ஓடையின்மேல் பனிவண்டிகளுக்கு ஒரு பாலம் போட்டார்கள். சனவரியில் ஒரு விடியற்காலை, பனித்தடத்தைச் சமன் செய்யும் பெரிய வண்டியோடு எல்மாவின் அண்ணன் ஆர்விட் அதன்மேல் ஏறினான். பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தைந்து பாகைக் குளிர். பாலம் முறியும் சத்தம் இரண்டு மைலுக்குக் கேட்டதாம், துப்பாக்கி வெடித்தது போல. ஓடையின் பனிக்கட்டியை அறுத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள்.

பாலத்தின் எஃகு நொறுங்கும் எஃகு என்பதில் இப்போது யாருக்கும் ஐயம் இல்லை. அப்படியானால் அறிக்கையில் பொய் எழுதியவர் யார்? பெயர் எல்மாவுடையது. அடக்கத்தன்று ஏலக்காய் மணக்கும் நீசு ரொட்டியோடு அண்ணன் வீட்டுப் படியேறினாள். ஆர்விட்டின் மனைவி கெர்ட்டு கதவைப் பாதிதான் திறந்தாள்.

“எதுக்கு வந்த?”

“அண்ணி, நான் பொய்யா எதுவும் எழுதல. முள்ளு காட்டினதத்தான் எழுதினேன்.”

“அப்போ எப்படி முறிஞ்சுது? அதச் சொல்லிட்டு உள்ள வா.”

கதவு மூடிக்கொண்டது.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் எல்மா அன்றிரவு போனாள். அதே எஃகில் மிச்சமான துண்டுகள் கூடத்தின் அலமாரியில் இருந்தன. மறுநாள் விசாரணைக் குழு அவற்றை எடுத்துப் போய்விடும்.

கூடத்தில் யாரும் இல்லை. மஞ்சள் விளக்கு ஒன்று. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் குழாய்களில் வெந்நீர் ஓடும் ‘டிக்... டிக்...’ சத்தம். அவள் தொட்டியை நிரப்பினாள். ஆல்கஹாலின் நெடி மூக்கில் ஏறியது. வெண்புகை விளிம்பில் வழிந்து தரையில் இறங்கியது. துண்டுகளையும் இடுக்கியையும் உள்ளே போட்டாள். சம்மட்டியை உயரே தூக்கிப் பூட்டினாள்.

ஒற்றை ஆளாக முயன்றாள். துண்டை எடுத்து, மேடையில் வைத்து, காப்புக் கம்பிவலையைச் சுற்றி ஓடி வந்து நெம்புகோலைப் பிடிப்பதற்குள் ஐந்து விநாடி கடந்துவிட்டது. மறுபடியும் முயன்றாள். மறுபடியும் தாமதம். மூன்றாம் முறை முழங்கால் கம்பியில் இடித்தது. நெம்புகோலின்மேல் நெற்றியைச் சாய்த்து, “என்னால முடியல, ஆர்விட்” என்றாள்.

அப்போது... முதுகுக்குப் பின்னால்...

‘சளக்.’

இடுக்கி தொட்டிக்குள்ளிருந்து எழும் சத்தம். எட்டு ஆண்டுகளாகக் கேட்ட சத்தம்.

அவள் திரும்பவில்லை. முன்னால் மேடையைப் பார்த்தாள். அங்கே ஒரு துண்டு இருந்தது. உறைபனி பூத்து, வெள்ளையாக, சரியான இடத்தில்... வெட்டுப் பக்கம் சம்மட்டிக்கு அப்பால் திரும்பியபடி.

டீசல் வாடை அடித்தது. நனைந்த கம்பளியின் வாடை. ஓடைச் சேற்றின் வாடை.

கை தானாக இழுத்தது. சம்மட்டி இறங்கியது. ‘டிங்’. பனிக்குச்சி ஒடிவது போல ஒரு சின்னச் சத்தம். இரண்டு பாதிகளும் தரையில் தெறித்தன. முள் அசையவே இல்லை.

மறுபடி ‘சளக்’. மறுபடி ‘டிங்’. ஒன்றன்பின் ஒன்றாக அத்தனை துண்டுகளும் சிதறின. இந்த எஃகு எந்நாளும் நல்ல எஃகாக இருந்ததில்லை. அப்படியானால் அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன?

கடைசித் துண்டு மிஞ்சியது. இம்முறை ‘சளக்’ கேட்டது... ஆனால் மேடைக்கு எதுவும் வரவில்லை. ஈரக் காலடிகள் சன்னல் பக்கம் நகர்ந்தன. பிறகு ஒரு சீறல். சூடான இரும்பின்மேல் ஈர இரும்பை வைத்தால் கேட்குமே, அந்தச் சீறல்.

எட்டு ஆண்டுகளில் முதன்முறையாக எல்மா திரும்பிப் பார்த்தாள்.

தொட்டியருகே யாரும் இல்லை. இடுக்கி மட்டும் ரேடியேட்டரின்மேல் கிடந்தது. அதிலிருந்து ஆவி எழுந்தது. தரையில் நீர்த்தடம், தடத்தின் விளிம்புகளில் பனிக்கட்டிப் பொருக்கு. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இடுக்கி காய்ந்தது. சூடேறியது. விளக்கு ஒரு நொடி மங்கித் தெளிந்தபோது அது ரேடியேட்டரில் இல்லை. மேடையில் கடைசித் துண்டு இருந்தது.

இழுத்தாள். ‘தொப்’. மந்தமான, கனத்த சத்தம். துண்டு உடையாமல் வளைந்து கிடந்தது. முள் விறுவிறுவென்று ஏறி, அறிக்கையில் அவள் தன் கையால் எழுதிய அதே எண்ணில் நின்றது.

இப்போது எட்வின் சிரிக்கவில்லை. நல்லது.

காலையில், கால்வாய் ஓரத்து உணவுக்கடையில் டேல் வழக்கம்போலப் பாஸ்டி என்ற இறைச்சி அடையைப் பிளந்து, ஆவி பறக்கத் தின்றுகொண்டிருந்தான். எல்மா எதிரே உட்கார்ந்தாள்.

“என்ன, மூஞ்சியப் பாத்தா நேத்து ராத்திரி மூஸ் மான் மேல மோதின மாதிரி இருக்கு?”

“டேல், இடுக்கிய ரேடியேட்டர் மேலயா வச்சிருந்த?”

முள்கரண்டி நின்றது.

“யாரு சொன்னா?”

‘இல்லை’ என்று அவன் சொல்லவில்லை. ‘யாரு சொன்னா’ என்றுதான் கேட்டான். மனிதன் அகப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட இரண்டு சொற்களில்தான்.

“உனக்காகத்தான் செஞ்சேன், எல்மா. புள்ளி கோட்டுல உக்காரலன்னா பணம் நின்னுடும்னு விட்லாக் பொலம்பிக்கிட்டே இருந்தாரு. நின்னா மொதல்ல போறது உன் வேலதான்.”

“எனக்காகவா? எம் பேர வச்சு, எங்கிட்டயே மறைச்சு, எனக்காகவா? ஆர்விட் அந்தப் பாலத்துலதான் போவான்னு உனக்குத் தெரியாது? அவன் வண்டியில ஏறிக்கிட்டுத்தானே மான் வேட்டைக்குப் போவ?”

“அவ்ளோ குளிர் எங்க வரப்போவுதுன்னு நெனச்சேன்...”

“நாளைக்கு விசாரணையில சொல்லிடு. எனக்காக வேணாம். அண்ணிக்குத் தெரியணும்.”

“சொல்றேன். ஆர்விட் மேல சத்தியமா சொல்றேன்.”

சொல்லிவிட்டுத் தன் பாஸ்டியை முடித்தான். அவள் தொடாமல் வைத்திருந்ததையும் இழுத்து வைத்துத் தின்றான்.

விசாரணை, ஊர் மன்றக் கூடத்தில். நாற்காலிகள் போதாமல் மக்கள் சுவரோரம் நின்றார்கள். கெர்ட்டு முதல் வரிசையில். குழுத் தலைவி கண்டிப்பான பொறியாளர். எல்மா உடைந்த துண்டுகளையும் வளைந்த ஒன்றையும் மேசையில் வைத்து, இடுக்கியைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்கினாள்.

“இந்தச் சோதனைய ஒரு ஆளா பண்ண முடியாதே?” என்றார் தலைவி.

“முடியாது, மேடம்.”

“அப்போ அந்த ராத்திரி இடுக்கியப் புடிச்சது யாரு?”

எல்மா டேலைப் பார்த்தாள். அவன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்ல அவளுக்கு வழி இருந்தது. யாரோ ஒரு மாணவன் பிடித்தான் என்று சாதித்திருக்கலாம். அவள் சாதிக்கவில்லை.

“எங்க அண்ணன்” என்றாள்.

கூடத்தில் யாரோ இருமினார்கள். கெர்ட்டு எழுந்தாள்.

“போதும், எல்மா. செத்தவன வேற சாட்சிக்குக் கூப்புடுறியா?”

அவள் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியேறும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு டேலை அழைத்தார்கள். துக்க வீட்டில் பேசுகிற மெல்லிய குரல் அவனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

“இடுக்கி எப்பவும் எல்மா கையிலதாங்க இருக்கும். நான் நெம்புகோல மட்டுந்தான் இழுப்பேன். பின்னாடி அவ என்ன செஞ்சான்னு நான் திரும்பிப் பாத்ததே இல்ல... அவ்ளோ நம்பிக்க. பாவம், அண்ணன் போனதுலேருந்து அவ ஒரு நிலையில இல்ல. அவளக் கோவிச்சுக்காதீங்க.”

அவள் செய்துவந்த நெம்புகோல் வேலையைப் பறித்தது போதாதென்று அவளுடைய நம்பிக்கையையும் திருடி, அதைத் தன்னுடையதாக உடுத்திக்கொண்டு நின்றான். கூடத்தில் இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேராசிரியர் விட்லாக் ஆமாம் என்று தலையை ஆட்டினார். இதற்கு உலகம் ‘சூழ்நிலை’ என்று பெயர் வைத்திருக்கிறது. துரோகம் என்ற நல்ல சொல் இருக்கும்போது வேறு சொல் எதற்கு?

தீர்ப்பில் பழி எல்மாவின் பெயரில் எழுதப்பட்டது. அவள் இப்போது இந்த ஊரில் இல்லை. கெர்ட்டு இன்றுவரை அவள் பெயரைச் சொல்வதில்லை. டேல் அந்த வசந்தத்திலேயே நல்ல சம்பளத்தில் அரிசோனாப் பாலைவனத்துக்குப் போனான். பனி என்பதையே படத்தில்தான் பார்க்க வேண்டிய ஊர்.

போன சூலையில் ஹில்யாவின் மகன் வேலை விஷயமாக அங்கே போனவன், டேலைத் தற்செயலாகச் சந்தித்தான். நடைபாதையோரத்து உணவகம். தார் உருகும் வெயில். டேல் வலக்கையில் மட்டும் தடித்த கம்பளிக் கையுறை போட்டிருந்தான். ‘ஒரு சின்ன நரம்புக் கோளாறு’ என்று சிரித்து மழுப்பினான். ரொட்டி வந்ததும் அதைப் பிய்க்கக் கையுறையைக் கழற்றினான். பேச்சு வாக்கில் உள்ளங்கையை இரும்பு மேசையின்மேல் ஊன்றினான். எடுத்தான்.

மேசையில் வெண்மையாக உறைபனி பூத்திருந்தது. டேலின் ஐந்து விரல்கள். அவற்றின் இடையிடையே... இறுகக் கோத்துப் பிடித்தாற்போல... வேறு ஐந்து விரல்கள்.

டேல் பழக்கப்பட்டவன்போலக் கைக்குட்டையை எடுத்து அதை அழுத்தித் துடைத்தான். கையை மடியில் வைத்துக்கொண்டான்.

யாரும் தொடாத அந்த மேசையின்மேல், கொளுத்தும் வெயிலில், பனி விரல் விரலாக மெல்ல மறுபடியும் பூத்தது.

இம்முறை டேலின் விரல்கள் அதில் இல்லை.