பாதி அருவி

"அண்ணே, எங்கிட்ட பாதி அருவிதான் இருக்கு."

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில், முன்னிருக்கையில் இருந்த பெண் தன் அண்ணனிடம் இப்படிச் சொன்னதும் எட்டிப் பார்த்தேன். அவள் மடிக்கணினியில் அவளே வடிவமைத்த ஓர் அறை; சுவரெல்லாம் மெயினருவி, பெண்கள் குளிக்கும் பக்கம் மட்டும். கல்லூரி ஆய்வாம். அறைக்குள் நுழைபவர்களுக்கு அருவியில் குளித்த ஞாபகம் வரவேண்டுமாம்.

"ஆம்பளைங்க பக்கம் நான் நின்னதே இல்லல்லா. அங்கன அடியில நின்னா என்ன தெரியும்?"

அண்ணன் யோசித்தான். "தெரியலயேட்டி."

"வருசா வருசம் குளிக்கியே!"

"தண்ணி தலையில விழுந்ததும் கண்ண மூடிருவேம்லா. பொம்பளைங்க பக்கம் நீ என்னத்தப் பாத்த?"

அவள் அருவியடியில் நிற்பதுபோல் தலையைக் குனிந்து, தானும் கண்ணை மூடினாள்.

குற்றாலத்தில் இறங்கும்போது மறுபடி எட்டிப் பார்த்தேன். திரையில் அந்த அறையை இருட்டாக்கியிருந்தாள். சத்தம் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.