நூர்கானின் ஹாரன்

இதை எனக்குச் சொன்னவன் தௌலெத். நடந்தது அவன் சித்தப்பா மகன் சபார்பெக்குக்கு. வருஷங்கள் ஆகிவிட்டன... சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.

வெயில் சாயும் நேரம். சீன எல்லை ரயில் நிலையத்துக்குப் போகும் தண்டவாளம், பக்கத்தில் ஒரு மண்பாதை. ஆளில்லை. காற்று மட்டும்.

சபார்பெக் அங்கே நின்று சரக்கு ரயில்களைப் படம் எடுப்பான். சீனாவுக்குப் போகும் கோதுமை வண்டி, அங்கிருந்து வரும் கன்டெய்னர் வண்டி, எதையும் விடமாட்டான். எல்லைக் காவலர்கள் முதலில் விரட்டினார்கள். பிறகு கிண்டலோடு விட்டுவிட்டார்கள்.

"டேய், ஒரு பொண்ணை இத்தனை படம் எடுத்திருந்தா இந்நேரம் உனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்."

அவனுக்கு வேண்டியது ஒரே படம். அண்ணன் நூர்கான் எஞ்சின் ஓட்டுநர். தம்பியைக் கண்டால் ஹாரன் அடிப்பார்... இரண்டு குட்டை, ஒரு நீளம். தம்பி தொப்பியைத் தூக்கிவிட்டுப் படம் எடுப்பான். எல்லாப் படத்திலும் எஞ்சின் கண்ணாடியில் வெயில். முகம் விழவே இல்லை.

ஒரு பனிப்புயலில் வண்டி நின்றுபோனது. பெட்டிகளைப் பார்க்க இறங்கிய நூர்கானை மறுநாள் தண்டவாளத்தோரம் பிணமாக எடுத்தார்கள். அங்கே அவர் நினைவாக இரும்பில் ஒரு பிறை நட்டார்கள். அதைக் கடக்கும் ஓட்டுநர்கள் ஒரே ஒரு நீள ஹாரன் அடிப்பார்கள். அது காதில் விழுந்தால் நாம் துஆ ஓதி முகத்தைத் தடவிக்கொள்வோம், அவ்வளவுதான். செத்தவருக்குத் தொப்பியைத் தூக்கிப் பதில் கொடுக்கக் கூடாது.

சபார்பெக் அந்தப் பிறையருகில் தனியாக நிற்பான்.

"அவனுக்குப் பயமா இருக்காதா?" என்று தௌலெத்திடம் கேட்டேன்.

"அண்ணன்கிட்ட என்னடா பயம். சும்மா கேளு."

அந்த மாலை காற்று சட்டென்று நின்றது. டீசல் வாடை. கூடவே நூர்கானின் புகையிலை வாடை. தூரத்தில் ஹாரன்... இரண்டு குட்டை. ஒரு நீளம்.

பழக்கதோஷம். கை தானாகத் தொப்பியைத் தூக்கிவிட்டது.

வண்டி கடந்தது. ஒரே ஒரு படம்தான் எடுத்தான்.

நேராகத் தௌலெத்திடம் வந்து கேமராவை நீட்டினான். கண்ணாடியில் வெயிலே இல்லை. உள்ளே ஆளும் இல்லை.

"அடுத்ததைப் பாரு. அதை நான் எடுக்கல."

எஞ்சின் ஜன்னலிலிருந்து கீழே பார்த்து எடுத்த படம். தூக்கிய தொப்பியோடு சபார்பெக். அவன் தோளுக்குப் பின்னால் நூர்கான். முகம் தெளிவாக.

"அண்ணன் எவ்வளவு இளைச்சிட்டாரு பாரேன்" என்றான் சபார்பெக்.

மறுநாள் கேமராவைத் தௌலெத் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனவன் திரும்பவில்லை. தேடினார்கள், கிடைக்கவில்லை. தௌலெத் இப்போது அல்மாட்டி நகரத்தில் கடை வைத்திருக்கிறான். கேமரா அவனிடம்தான் இருக்கிறது, திறப்பதில்லை. ஓட்டுநர்கள் இப்போது அந்த இடத்தில் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அடித்தால், பிறையருகில் இரண்டு தொப்பிகள் உயர்கின்றன.