இடது புருவத்துத் தழும்பு

பசைக்கு மைதா போதும். கடையில் விற்கிற பசையை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். ஓர் ஆழாக்கு மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பைத் தணித்து வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் பளபளவென்று ஒரு பதம் வரும். அப்போது இறக்கி ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும். போடாவிட்டால் ஆறே மாதத்தில் பூச்சி அரித்துவிடும். துத்தம் விஷம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள்.

பூங்குழலி மேடம், வல்லத்தில் இருபது பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறீர்கள், அதற்குக் கையேடு போடுகிறீர்கள், திருஷ்டி முகம் செய்வதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். கூடவே போனில் ஒன்று கேட்டீர்கள். “நீங்க செய்யற முகம் எல்லாத்துக்கும் இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கே, அது செஞ்சிப் பக்கத்து வழக்கமா?” அன்றைக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது வழக்கம் இல்லை. அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். எது கையேட்டுக்கு ஆகும், எது ஆகாது என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிரித்து எழுதத் தெம்பில்லை.

வியாழக்கிழமை உங்கள் வேனில் சாக்கு சுற்றிக் கொடுத்தனுப்பினேனே, அந்த அச்சு ஒரு மனுஷியின் முகம். என் எதிர் வீட்டு ரத்தினம்மாளுடையது.

நானும் அவளும் பதினொரு வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். கூத்துக்காரர்கள் தலையில் வைக்கிற கிரீடத்தைச் சின்ன அளவில் அட்டையில் வெட்டி, தங்கத்தாள் ஒட்டி, கண்ணாடித் துண்டு பதித்துச் சுவரில் மாட்டுகிற மாதிரி செய்வோம். கோட்டை பார்க்க வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள். வெறும் கிரீடம் மொட்டையாக இருக்கிறது, கீழே ஒரு முகம் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று யோசனை சொன்னவள் அவள்தான். முகத்துக்கு அச்சு வேண்டும். யாராவது முகத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு, மேலே ஈரத்தாள் ஒட்டி, மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எனக்கு மூச்சு முட்டும் என்றேன். அவளே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் எல்லாவற்றையும் கையாலேயே பேசினாள். ரத்தினத்துக்கு இரண்டு மணி நேரம் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. ஆனால் இருந்தாள்.

அந்தத் தாள் கூட்டுக்குள் சாந்து ஊற்றி எடுத்ததுதான் இந்த அச்சு. பிள்ளையார் சிலை செய்கிறவரிடம் சாந்து வாங்கினோம். இதன்மேல் எண்ணெய் தடவி, செய்தித்தாளைக் கிழித்து ஏழு அடுக்கு ஒட்ட வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. கிழித்த விளிம்புதான் ஒன்றோடொன்று கலக்கும்.

முதலில் இதில் நாங்கள் எடுத்தது அம்மன் முகம். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மேலே கிரீடம் பொருத்தினால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அவளுக்குச் சின்ன வயதில் அறுப்பில் கருக்கரிவாள் பட்டு இடது புருவம் இரண்டாகிவிட்டிருந்தது. அம்மனுக்குத் தழும்பு ஆகாது என்று ஒவ்வொரு முகத்திலும் அந்த இடத்தைக் காகிதக் கூழ் வைத்து அடைத்துவிடுவேன்.

என் மகள் பாரதி அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுத மூன்று நாள் சென்னைக்குப் போனபோது, எட்டு மாதப் பிள்ளையை என்னிடம் விட்டுப் போனாள். பெயர் எழிலன். ரத்தினம் வழக்கம்போல் வேலைக்கு வந்தவள் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, “அய்ய, எவ்ளோ அழகா இருக்கான் பாருக்கா, கண்ணே பட்டுடும்” என்றாள். நெட்டி முறித்தாளா என்று எனக்கு நினைவில்லை. அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். ஒரு நாள் என்றேன். மூளைக் காய்ச்சல் என்றார்கள். மறுநாள் விடிகிறபோது போய்விட்டான். பாரதி பரீட்சையில் கொடுத்த சீட்டை மடித்துக் கையில் பிடித்தபடியே வந்து இறங்கினாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எப்படி என்று கேட்டார்கள். நன்றாகத்தான் இருந்தான், ரத்தினம் வந்து கொஞ்சிவிட்டுப் போனாள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

காரியம் முடிந்தபிறகு எனக்கு அம்மன் முகம் செய்யப் பிடிக்கவில்லை. ஊரில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. திருஷ்டி முகத்துக்கு நல்ல கிராக்கி. அதே அச்சில் அதே ஏழு அடுக்கு. காய்ந்த பிறகு அட்டையில் கோரைப்பல் வெட்டி ஒட்டி, கூழால் நாக்கைத் தொங்கவிட்டு, கண்ணை மட்டும் எலுமிச்சம்பழ அளவுக்குப் பிதுக்க வேண்டும். பார்க்கிறவர் கண் முதலில் அந்தக் கண்ணில் விழ வேண்டும், அதற்குத்தானே மாட்டுகிறோம். நிறம் உங்கள் இஷ்டம். நான் கறுப்பும் சிவப்பும் போடுவேன். புருவத்தை மட்டும் கூழ் வைத்து அடைப்பதை விட்டுவிட்டேன். நான் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஊரில் முதலில் சிரித்தார்கள். காந்தி பஜாரில் ஒரு அம்மாள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நம்ம ரத்தினம் மாரியே இருக்குது என்றாள். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். இரண்டாவது ஆள் சொன்னபோதும் அப்படியா என்றேன். மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. மேல்மலையனூர் அமாவாசைக்கு வருகிறவர்கள் பத்து இருபது என்று வாங்கிப் போனார்கள். இரண்டு வருஷத்தில் சக்கராபுரம், சிறுகடம்பூர் எங்கே பார்த்தாலும் வாசலுக்கு வாசல் அந்த முகம்தான்.

ஆட்டோக்காரர்கள் வண்டி முன்னால் கட்டச் சின்னதாகக் கேட்டார்கள். சின்னதுக்கு அச்சு கிடையாது, கூழைக் கையாலேயே பிடித்து வைப்பதுதான். பிடித்து முடித்ததும் இடது புருவத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல் போடுவேன். கைப்பழக்கம்.

ரத்தினத்தைக் காதுகுத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பிறகு வளைகாப்பு. பிறகு அவள் தெருவில் வந்தால் கைப்பிள்ளைக்காரிகள் உள்ளே போனார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. முந்தானையை இழுத்துப் பிள்ளை முகத்தில் போடுவார்கள், அவ்வளவுதான். என்னிடம் வேலைக்கு வருவதை அவளாகவே விட்டுவிட்டாள். அவளுடைய ஒரே மகள் சுவாதியைச் சென்னையில் ஒரு கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, எதிர் வீட்டில் தனியாக இருந்தாள். எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் பத்தடி இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். காயப்போட்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “என் மூஞ்சிதானக்கா இது” என்றாள். கோபமாக இல்லை. சட்டையில் ஒட்டிய நூலைக் காட்டுகிறவள் போலத்தான் காட்டினாள். திருஷ்டி முகம் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றேன். போகிறபோது இன்னொன்றும் சொன்னாள்.

அதற்கு ஆறு மாதம் கழித்து ஒரு காலை, ஆறு மணி இருக்கும், மார்வலி என்று ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்து வந்திருக்கிறாள். நான்கு வண்டிகள் நின்றிருந்தன. யாரும் அவளை ஏற்றவில்லை. ஆனந்தராஜ் என்று ஒரு டிரைவர், நல்ல பிள்ளை, அவர்தான் பிறகு வந்து சொல்லிவிட்டு அழுதார்.

“மொத சவாரிக்கா. நான் ஒரு சவாரி போய் வந்துட்டு ஏத்திக்கலாம்னு நெனச்சேன். மத்தவனும் அப்டித்தான் நெனச்சிருக்கான். வலின்னு சொல்லுச்சி. இவ்ளோன்னு தெரியல.”

அவள் நடந்தே போயிருக்கிறாள். மார்க்கெட் கமிட்டி பக்கம் நெல் மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆனந்தராஜ் தன் வண்டியில் கட்டியிருந்ததை அறுத்து ஆற்றில் போட்டார். அடுத்த மாதம் வந்து வேறு வாங்கிப் போனார். நானும் கொடுத்தேன்.

நான்கு வருஷம் ஆகிறது. இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? காகிதத்தில் ஒரு முகம் செய்தேன். ஆட்டோவில் ஏற்றாதே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நீங்கள் போனில் அனுப்பிய பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். பதினான்காவது பெயர் சுவாதி. ரத்தினத்தின் மகளேதான், தகப்பன் பெயரும் அதே, வல்லத்துக்குக் கட்டிக்கொடுத்த விலாசம். அச்சு அதற்கு முதல் நாளே போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் இதை எழுதியிருப்பேனா என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் பயிற்சி தொடங்கி அந்தப் பெண் சாக்கைப் பிரித்தால் பல்லும் நாக்கும் இல்லாத முகம் இருக்கும். கண் மூடியிருக்கும். படுத்திருந்தபோது எடுத்ததல்லவா. நீங்கள் அவள் கையில் எண்ணெயைக் கொடுத்துத் தடவச் சொல்வீர்கள்.

அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன். எனக்கு இதைத் தூக்கிச் சுமந்து அலுத்துவிட்டது.

பாரதி பரீட்சைக்குப் போன சமயத்தில் பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணத்துக்கு அறுபது அம்மன் முகம் ஒப்புக்கொண்டிருந்தேன். பாரதி புறப்பட்ட அன்றைக்கே பிள்ளைக்கு உடம்பு சுட்டது. முதலில் தொட்டுப் பார்த்துச் சொன்னவள் ரத்தினம்தான். “அனலா கொதிக்குதுக்கா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம், நான் போய் ஆட்டோ கூட்டியாறேன்” என்று எழுந்தாள். நான் உட்கார் என்றேன். கண் பட்டிருக்கும், சுற்றிப் போட்டால் சரியாகிவிடும், இன்னும் நாற்பது கிரீடம் கிடக்கிறது என்றேன். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். மிளகாய் கமறவில்லை, பார், கண்தான் என்று அவளுக்கே காட்டினேன். மறுநாளும் அவள் கேட்டாள். பிள்ளை பால் குடிக்கவில்லை. அன்றைக்கும் சுற்றிப் போட்டுவிட்டுக் கண்ணாடி ஒட்டினேன். மூன்றாம் நாள் பிள்ளைக்குக் கண் மேலே சொருகியது. ஆட்டோ கூட்டி வந்தவள் அவள். அறுபதும் முடிந்திருந்தன.

டாக்டர் கேட்டபோது அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். ஒரு நாள் என்று நான் சொன்னதைக் கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையின் காலைத் தேய்த்துவிடக் குனிந்துகொண்டாள்.

நெட்டி முறித்தாளா என்று நினைவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். முறித்தாள். பத்து விரலும் சடசடவென்று கேட்டது.

இது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவள். பாரதியிடம் என்றைக்காவது சொல்லிவிட்டால் என் மகள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். ஆனால் கண்ணு வைக்கிறவள் ஒன்று சொன்னால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? இதை நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். உட்கார்ந்து நிதானமாக யோசித்ததாக நினைவில்லை. கை செய்துகொண்டு போயிற்று.

காயப்போட்ட முகங்களைப் பார்த்துவிட்டு அன்று மத்தியானம் போகிறபோது அவள் சொன்ன இன்னொன்று இதுதான். “நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. பாரதிகிட்டயும் சொல்ல மாட்டேன். நீ ராவும் பகலும் இதையே நெனச்சினு கெடக்காத.”

அதற்குப் பிறகு அவள் உயிரோடு இருந்த ஆறு மாதமும் நான் அந்த முகத்தைச் செய்தேன். சொல்ல மாட்டேன் என்கிறவளிடம்தானே சொல்லுவதற்கு ஒன்று இருக்கிறது. அவள் செத்தபோது துணியை விலக்கி முகத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள். நான் மட்டும்தான் கிட்டே போய் உட்கார்ந்தேன். எனக்குப் பழகின முகம்.

பாரதிக்கு இப்போது வேறு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகிறது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம், அம்மா, அந்த ரத்தினம்மா கண்ணு பொல்லாத கண்ணு என்று சொல்கிறாள். ஆமாம்மா என்கிறேன். சோறு போடுகிறேன்.

கையேட்டுக்குக் கடைசியாக ஒன்று. முகத்தை வெயிலில் காயவைக்கக் கூடாது, கோணிக்கொள்ளும். நிழலில் இரண்டு நாள் போதும்.

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும். திங்கட்கிழமைக்கு முன்னால் உப்புத்தாள் வாங்கி அச்சின் இடது புருவத்தைத் தேய்த்துவிடுங்கள். சாந்துதான், பத்து நிமிஷத்தில் சமமாகிவிடும். அப்புறம் அது யார் முகமும் இல்லை. சுவாதியிடம் நீங்கள் என்ன சொன்னாலும் சரி, போலீசுக்குக் கொடுத்தாலும் சரி, நான் எழுதியது எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் பாரதி வந்து கேட்டால் மட்டும், காய்ச்சல் ஒரே நாள்தான் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தனகோட்டி