எழுதாமல் விட்ட கணக்கு

— அந்தப் பாஸ்புக்கை மட்டும் ஏன் பைக்குள்ள திணிக்கிறீங்க, அக்கா? காட்டுங்க.

— அது வேணாம் வக்கீலம்மா. தையல் மிஷினை எழுதியாச்சு, காதுல கிடக்கிற தோட்டை எழுதியாச்சு, வாடகை பாக்கியையும் எழுதியாச்சு. போதாதா?

— புருஷன்கிட்ட ஜீவனாம்சம் கேக்கறோம்ல? உங்ககிட்ட இருக்கிறது எல்லாத்தையும் சத்தியம் பண்ணி கோர்ட்டுல கொடுக்கணும். ஒண்ணை மறைச்சு மாட்டினா கேஸே படுத்துடும். அப்புறம் வாடகைக்கு எங்க போவீங்க?

— மாட்டினா மாட்டிட்டுப் போறேன், போங்க.

— வீம்பு பண்ணாதீங்க. யார் பேர்ல இருக்கு?

— குட்டிம்மா பேர்ல.

— அக்கா... உங்க பொண்ணு போய் மூணு வருஷம் ஆச்சே. இன்னுமா மூடல?

— மூடணும்னா டெத் சர்ட்டிபிகேட் கேட்டாங்க. பேங்க் வாசல் வரைக்கும் எடுத்துட்டுப் போனேன். கால் உள்ள போகல. அங்க மட்டும்தான் அவ இன்னும் உயிரோட இருக்கா. அவ பிறந்த நாளுக்கு என்னால ஆனதைப் போட்டுட்டு வருவேன்.

— சரி. அழாதீங்க.

— கோர்ட்டுல சொன்னா, மூடிட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கோங்கம்பாங்க. அந்த மனுஷன் எப்படியும் எழுதியிருப்பார். கணக்குல புலி. பிரியறப்போ குண்டூசி டப்பாவையே எண்ணிப் பிரிச்சவராச்சே.

— அவர் கோர்ட்டுல கொடுத்த சொத்துப் பட்டியல் காலையிலதான் கைக்கு வந்தது. இருங்க... சைக்கிள், காத்தடிக்கிற பம்பு, கம்பி ஒடிஞ்ச குடை. அடேங்கப்பா, குடையைக்கூட விடல.

— நான் சொல்லல?

— ஆனா இந்தக் கணக்கு இல்லையேக்கா.

— நல்லாப் பாருங்க. அவளுக்கு நாங்க ரெண்டு பேரும்தான் கார்டியன்.

— பார்த்துட்டேன். எங்கயும் இல்ல. அந்தப் பாஸ்புக்கை இப்படிக் கொடுங்க. பிறந்த நாளுக்கு ஒரு தடவைதானே போடுவீங்க?

— ஆமா, ஒரு தடவைதான்.

— இந்த வருஷம் அதே நாள்ல ரெண்டு தடவை விழுந்திருக்கே. போன வருஷமும் ரெண்டு. அதுக்கு முந்தியும்.

— நான் பிரிச்சே பார்க்கிறதில்ல. பதிஞ்சு கொடுத்ததும் பையில வச்சிடுவேன்.

— தண்ணி குடிங்க, முதல்ல. நமக்கு இது நல்லதுதான். பணமே இல்லைன்னு கையை விரிச்ச ஆளு, ஒரு கணக்கையே மறைச்சிருக்கார். இதை வச்சே மடக்கிடலாம். நீங்க மட்டும் எழுதிடுங்க.

— எழுதறேன். பேனாவைக் கொடுங்க.

— என்னன்னு எழுதறீங்க?

— நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் மறைச்சோம்னு.