குழாயை அவரேதான் கழற்றினார்

பெயர்: சந்தனச்செல்வி. வயது 31. தகப்பனார் பெயர் ஆறுமுகநயினார். சொந்த ஊர் ஏரல் பக்கம். தற்போது தூத்துக்குடி மில்லர்புரத்தில் தங்கையுடன் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். பி.காம். படித்துள்ளேன். தூத்துக்குடி அரசு மருத்துவமனை பெண்கள் வார்டில் உள்நோயாளியாக இருக்கும் என்னை நீதித்துறை நடுவர் அவர்கள் நேரில் வந்து விசாரித்தார்கள். யாராவது மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ பேசுகிறாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். தொண்டையில் அடிபட்டிருப்பதால் மெதுவாகத்தான் பேச முடியும் என்று சொல்லிவிட்டு இதைச் சொல்கிறேன்.

நான் பீச் ரோட்டில் உள்ள நெய்தல் மரைன் டிரேடர்ஸ் என்ற கடையில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கடை முதலாளி செந்தூர்வேல். அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். படகு இன்ஜின் சாமான்களும், சங்கு குளிப்பவர்கள் கடலுக்கு அடியில் மூச்சு விடுவதற்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசரும் அங்கே விற்கிறோம். போனிலும் வாட்ஸ்அப்பிலும் வாடிக்கையாளர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வது என் வேலை. என்னோடு சரண்யாதேவி என்ற பெண்ணும் அதே வேலையில் இருந்தாள். என்னைக் கடையில் எல்லோரும் செல்வி என்பார்கள்.

சென்ற வருடம் ஜூன் மாதம் அண்ணாச்சி வெளியூர்க் கம்பெனி ஒன்றிடம் ஏ.ஐ. சாட்பாட் வாங்கினார். அதற்காக என்னைப் போட்டோ எடுத்தார்கள். இரண்டு நாள் ஒரு அறையில் உட்கார வைத்து, தாளில் இருந்ததை வாசிக்கச் சொல்லி என் குரலைப் பதிவு செய்தார்கள். விளம்பரத்துக்கு என்று நினைத்தேன். அதன் பிறகு கடை நம்பருக்கு யார் மெசேஜ் அனுப்பினாலும் என் போட்டோவோடு, செல்வி என்ற பெயரில், என் குரலிலேயே அந்த மெஷின் பதில் அனுப்ப ஆரம்பித்தது. கவுண்டரிலும் ஒரு டேப்லெட் வைத்தார்கள். எதிரே ஆள் முகம் தெரிந்தால் அது என் குரலிலேயே, வந்தவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டு வணக்கம் சொல்லும். சரண்யாதேவியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கவுண்டரில் சாமான் எடுத்துக்கொடுக்கும் வேலை வந்தது.

அந்த மெஷின் பல தடவை தப்பாகச் சொன்னது. பெரியதாழையிலிருந்து ஒருவர் அது சொன்ன பிஸ்டனை நம்பி பஸ் ஏறி வந்து, பொருந்தாமல், என் முகத்துக்கு நேராக அதை விட்டெறிந்தார். ஜனவரி மாதம் நான் கம்ப்யூட்டரில் பழைய உரையாடல்களைப் பார்த்தபோது, மூச்சுக் கம்ப்ரசரின் பில்டரை வசதிப்பட்டபோது மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவருக்கு அது சொல்லியிருந்தது. உடனே அண்ணாச்சியின் கேபினுக்குப் போய், "அண்ணாச்சி, இது உயிர் போற விஷயம். பில்டர் சம்பந்தமா மட்டுமாவது நான் பதில் சொல்லுதேன்" என்றேன். அதற்கு அவர், "ஏளா, கம்பெனிக்காரன்ட்ட சொல்லுதேன், நீ போ" என்றார். சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மெஷினை நிறுத்தவில்லை.

தருவைகுளத்தைச் சேர்ந்த ஜெரால்டு என்பவரும் அவர் அண்ணன் பெவினும் ஜனவரி கடைசியில் எங்கள் கடையில் கம்ப்ரசர் வாங்கினார்கள். இருவரும் சங்கு குளிக்கிறவர்கள். பில்டர் இல்லாமல் ஒருநாளும் ஓட்டக்கூடாது, எண்ணெய்ப் புகையும் இன்ஜின் புகையும் காற்றோடு உள்ளே போய்விடும் என்று நானே அவர்களிடம் வாயால் சொன்னேன். ஜெரால்டு சிரித்துக்கொண்டு, "சரிக்கா, எங்க வீட்ல உள்ளவட்ட சொல்லிருங்க, அவதான் எல்லாத்துக்கும் கணக்குப்பிள்ள" என்று சொல்லி, தன் மனைவி பிளாரன்ஸின் நம்பரைக் கொடுத்தார்.

பிப்ரவரி 9ஆம் தேதி மாலை பிளாரன்ஸ் கடை நம்பருக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். பில்டர் கறுத்துவிட்டது, புதியது இன்னும் வந்து சேரவில்லை, காலையில் கடலுக்குப் போகிறார்கள், பில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா அக்கா என்று கேட்டிருக்கிறார். ஆள் உள்ளே இறங்கி மூச்சு விடுகிற மெஷின் என்றும் எழுதியிருக்கிறார். அதற்கு என் குரலில், "ஒண்ணும் பயப்படாதீங்க. ரெண்டு நாளைக்கு பில்டர் இல்லாம ஓட்டலாம். வேற ஏதும் உதவி வேணுமா?" என்று பதில் போயிருக்கிறது. இதை நான் அன்று பார்க்கவில்லை. பிறகுதான் கேட்டேன்.

10ஆம் தேதி காலை ஒன்பது பாகம், அதாவது ஐம்பது அடிக்கு மேல் ஆழத்தில் ஜெரால்டு இறந்துபோனார். படகில் அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தது அண்ணன் பெவின். மேலே இழுத்தபோது வாயில் நுரை இருந்தது என்றும், புகை கலந்த காற்றைச் சுவாசித்ததால்தான் இறந்தார் என்று டாக்டர் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். வயது இருபத்தேழு.

12ஆம் தேதியிலிருந்து என் போட்டோ மீனவர்கள் வாட்ஸ்அப் குரூப்புகளில், "இவதான் கொன்னவ" என்று சுற்றி வந்தது. என் சொந்த நம்பருக்குப் போன் போட்டு, பிளாரன்ஸிடம் பில்டர் இல்லாமல் ஓட்டச் சொன்னாயே என்று கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். 13ஆம் தேதி காலை பஸ் ஸ்டாப்பில் நின்றபோது பைக்கில் வந்த இருவர் கல்லால் எறிந்ததில் என் தோளில் பட்டுக் காயமானது. அப்படியே கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் காட்டினேன். அது நான் இல்லை, மெஷின் என்று ஒரு மெசேஜ் போடுங்கள் என்று கேட்டேன். "அப்படிப் போட்டா கடைய மூட வேண்டியதான். கொஞ்ச நாள் பொறு" என்றார். அன்றே கம்ப்யூட்டரில் பிளாரன்ஸின் உரையாடலைத் தேடினேன். அதில் இல்லை. யார் அழித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

16ஆம் தேதி திங்கட்கிழமை பகல் பதினொன்றேகால் மணி இருக்கும். கவுண்டரில் நானும், பின்பக்கம் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் முத்துச்செல்வமும், கண்ணாடிக் கேபினில் அண்ணாச்சியும் இருந்தோம். பெவின் உள்ளே வந்தார். தோளில் கம்ப்ரசர் காற்றுக் குழாயைச் சுருட்டிப் போட்டிருந்தார். அதன் நுனியில் பித்தளை நட் இருந்தது. முகம் மழிக்காமல் இருந்தது. குழாயை மாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"செல்வி நீதான?" என்றார்.

நான் ஆமாம் என்றேன்.

அவர் குழாயின் நுனியைச் சுழற்றி என் வாயில் அடித்தார். முன்பல் இரண்டு விழுந்தன. நான் கவுண்டர் ஓரத்தைப் பிடித்தேன். பிடித்த வலது கையின் மேல் நட்டால் மறுபடி மறுபடி அடித்தார். நான்கு தடவை வரை தெரியும். அதன் பிறகு கவுண்டரைத் தாண்டி வந்து என் தலைமுடியைப் பிடித்து, குழாயை என் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி, முழங்காலை முதுகில் கொடுத்து இழுத்தார். "பயப்படாதீங்கன்னு சொன்னீயே. இப்பச் சொல்லு ஏளா. இப்பச் சொல்லு" என்று கத்திக்கொண்டே இருந்தார். எனக்கு மூச்சு வரவில்லை. வாயிலிருந்த ரத்தம் உள்ளே போனது.

சத்தம் கேட்டு முத்துச்செல்வம் ஓடி வந்து பெவினின் கையைப் பிடித்தார். பெவின் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டே, மேஜையில் கிடந்த இரும்பு பேரிங்கை எடுத்து முத்துச்செல்வத்தின் நெற்றியில் அடித்தார். நெற்றி பிளந்து அவர் ஷெல்ஃபோடு சரிந்து விழுந்தார். அண்ணாச்சி கேபின் கதவை உள்ளே பூட்டிக்கொண்டார். கண்ணாடி வழியாக அவர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு பெவின் என் முகத்தைக் கவுண்டரில் வைத்து அழுத்தினார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவருடைய முகம் டேப்லெட்டுக்கு எதிரே வந்திருக்க வேண்டும். அது, "வணக்கம் அண்ணாச்சி. நான் செல்வி. உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்று பேசியது.

பெவினின் கை நின்றது. என் முடியைப் பிடித்துத் திருப்பி என் வாயைப் பார்த்தார். அது மறுபடியும் அதையே சொன்னது.

"பேசுதது யாரு?" என்று கேட்டார். என்னால் பேச முடியவில்லை. இடது கையால் டேப்லெட்டைக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்து, "என் தம்பிய பில்டர் இல்லாம இறங்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார். அது, "பில்டர் ரெண்டு மாடல்ல ஸ்டாக் இருக்கு அண்ணாச்சி. எது வேணும்னு சொல்லுங்க" என்றது.

அதன் பிறகு பெவின் என் கழுத்திலிருந்து குழாயை அவரே கழற்றினார். நான் உதறவில்லை, வேறு யாரும் இழுக்கவுமில்லை. இரண்டு சுற்றையும் அவரே எடுத்துத் தரையில் போட்டார். என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு கவுண்டரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையும் மடியில் இருந்தன. "கயித்த நான்தான் பிடிச்சிருந்தேன் தாயி. அவன் இழுக்கவே இல்ல. ஒரு தடவ இழுத்திருந்தாம்னா தூக்கிருப்பேன்" என்றார். என்னிடம்தான் சொன்னார்.

அந்த நேரம் அண்ணாச்சி கேபின் கதவைத் திறந்து, "ஏலே முத்துச்செல்வம், விடாத! எந்திச்சாம்னா எல்லாரையும் கொன்னுருவான், அடிலே!" என்று கத்தினார். முத்துச்செல்வம் எழுந்து வந்தார். நெற்றி ரத்தம் அவர் இரண்டு கண்ணிலும் இறங்கியிருந்தது. கையில் பைப் ரெஞ்ச் இருந்தது. அந்த ரெஞ்சால் பெவினின் தலையில் அடித்தார். முதல் அடியில் பெவின் பக்கவாட்டில் சாய்ந்தார். கையைத் தூக்கித் தடுக்கவில்லை. நான் வேண்டாம் என்று கத்தப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. இடது கையால் கவுண்டரைத் தட்டினேன். இரண்டாவது அடி காதுக்கு மேல் விழுந்தது. மூன்றாவது அடி எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை, சத்தம் கேட்டது. அதன் பிறகு முத்துச்செல்வம் ரெஞ்சைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்து, "எக்கா, மூச்சு வருதா?" என்று கேட்டார். எனக்கு அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். பெவின் 18ஆம் தேதி இறந்துவிட்டார் என்று நர்ஸ் சொன்னார்.

19ஆம் தேதி காலை அண்ணாச்சி என்னைப் பார்க்க வந்தார். டைப் செய்த தாள் ஒன்று கொண்டுவந்தார். குழாய் என் கழுத்தில் இருக்கும்போதே முத்துச்செல்வம் அடித்ததாகவும், 9ஆம் தேதி மாலை மெஷின் பழுதாகி இருந்ததால் பிளாரன்ஸுக்கு நானே பதில் அனுப்பியதாகவும் அதில் இருந்தது. கடையில் உள்ள கேமரா 16ஆம் தேதி வேலை செய்யவில்லை என்றும் சொன்னார். "உன்னக் காப்பாத்தப் போயித்தான் அவன் ஜெயில்ல கெடக்கான். நீ சொன்னாத்தான் அவன் வெளிய வருவான். யோசிச்சுக்கோ" என்றார். நான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கேமராவில் சிவப்பு லைட் எரிந்ததை 16ஆம் தேதி காலை நான் பார்த்தேன்.

அன்று மதியம் முத்துச்செல்வத்தின் மனைவி செல்வராணி வந்தார். எனக்குக் கஞ்சி கொண்டுவந்து ஸ்பூனில் ஊட்டினார். பாத்திரம் காலியான பிறகு, "எங்க வீட்டுக்காரர் எதுக்கு ஓடி வந்தாருன்னு உங்களுக்குத் தெரியும்லாக்கா" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அவர் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

21ஆம் தேதி பிளாரன்ஸ் வந்தார். கறுப்புச் சேலை கட்டியிருந்தார். வார்டு வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தார். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து என் தங்கை குறுக்கே நின்றாள். பிளாரன்ஸ் கட்டிலுக்கு அருகே வந்து, ஒரு வார்த்தை பேசுங்கள் என்றார். அந்த மெசேஜ் எனக்குத் தெரியாதும்மா என்று சொன்னேன். அவர் தன் போனில் அந்தக் குரல் பதிலைப் போட்டுக் காட்டினார். என் குரல்தான். தங்கை காதைப் பொத்திக்கொண்டாள். பிளாரன்ஸ், "அவுகளுக்கு மனசே இல்லக்கா. வேண்டாம், பில்டர் வரட்டும்னாக. அக்காவே சொல்லிட்டாக, போங்கன்னு நான்தான் அனுப்பிச்சேன்" என்றார். அதன் பிறகு கட்டில் ஓரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த மெசேஜ்கள் அவர் போனில் அழியாமல் இருக்கின்றன. போனை இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைப்பதாக என்னிடம் சொல்லிச் சென்றார்.

பெவின் என்னைக் கொல்லத்தான் வந்தார். அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். முத்துச்செல்வம் என்னைக் காப்பாற்ற ஓடி வந்து மண்டை உடைந்தார். அவர் எழுந்தபோது அவர் கண்ணில் ரத்தம் இருந்தது, அவருக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. கேபினில் நின்ற அண்ணாச்சியின் கண்ணில் ரத்தம் இல்லை. பெவின் குழாயைக் கழற்றியதும், என்னை நாற்காலியில் உட்கார வைத்ததும், கீழே உட்கார்ந்ததும் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நடந்தது. அடி என்று அவர் சொன்னது அதற்குப் பிறகு.

நான் சொன்னதை எழுதி எனக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார்கள். ஒரு இடத்தில், பெவின் தப்பிக்க முயன்றார் என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார்கள். மற்றவை நான் கண்டதும் கேட்டதும் எனக்கு நடந்ததும்தான். வலது கை விரல்களில் கட்டுப் போட்டிருக்கிறது. கையெழுத்துப் போட முடியாததால், இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(இ.பெ.ரேகை) சந்தனச்செல்வி